அங்கே ஒன்றுமே இல்லையாம்!

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இளையர் பக்கத்தில் நம் சிங்கப்பூர்க் கடலோரக் கலை அரங்கமான எஸ்பிளனேட் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். ஆனால் நடுவில் ஒரு வரி. ஒன்றுமே இல்லாமல் கிடந்த கடலோரத்தை இன்றைய இளையர்கள்தான் கலகலப்பாக்கினார்களாம். அதைப் படித்த பிறகு கோப்பி இறங்கவில்லை.

அந்த இடத்தில், குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தே விற்கும் கடைகளெல்லாம் சேர்ந்த சாத்தே கிளப் இருந்தது உங்களுக்குத் தெரியாததா? எஸ்பிளனேட் கட்டுவதற்காக 1995இல் அதை எடுத்தார்கள். கட்டுரை எழுதிய பிள்ளை அப்போது பிறந்திருக்காது, சரி. திருத்துகிறவர்களுமா பிறக்கவில்லை? சம்பளம் வந்த சனிக்கிழமை அப்பா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். கரிப்புகையில் கண் எரியும். சாத்தேயைத் தட்டில் குவித்துவிட்டுப் போவார்கள். தின்று முடித்ததும் குச்சியை எண்ணித்தான் காசு. என் தம்பி இரண்டு குச்சிகளை மேசைக்கடியில் நழுவவிட்டு, கடைக்காரர் முன்னாலேயே அப்பாவிடம் குட்டு வாங்கினான். பக்கத்து மேசையெல்லாம் சிரித்தது. அது கலகலப்பில்லை போலிருக்கிறது.

இளையர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. போன மாதம்கூடப் பேத்தியோடு போனேன். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நிலத்தடிப் பாதை வழியாக நடந்தால், கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் ஆடிப் பழகுகிறார்கள். ஒரு பெண் ஒரே சுழற்சியைப் பத்துத் தடவையாவது ஆடியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் இடது காலணியின் நாடா அவிழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து கட்டினாள், மறுபடியும் சுற்றினாள். நான் நிற்பதைப் பார்த்த ஒரு மலாய்ப் பையன் தன் பையை நகர்த்திவிட்டு, “ஆன்ட்டி, சிட், சிட்” என்றான். மேலே போய் ஓர் இலவசக் கச்சேரி கேட்டோம். ஒரு காசு செலவில்லை. 2002இல் திறந்தபோது, முள் முள்ளான டுரியான் பழத்தோலைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறதென்று கேலி செய்தவள் நான். இப்போது நவம்பரில் அங்கே நடக்கும் இந்தியக் கலை விழாவான கலா உத்சவம் வந்தால் தவறாமல் போகிறேன்.

வேறொரு கலை நிலையத்தில், பெயர் வேண்டாம், வாசலில் நின்ற பெண், “இது இளையர் நிகழ்ச்சி, உங்களுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது” என்று ரொம்பப் பாசமாகச் சொன்னாள். உறுமி மேளத்துக்கு முன்னால் நின்று வளர்ந்த காது, அம்மா, இது.

இங்கே எதையாவது இடித்தால், பத்து வருடத்தில் அங்கே எதுவுமே இருந்ததில்லை என்றாகிவிடுகிறது. ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் தேசிய அரங்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கொடுத்தால் ஒரு செங்கல் என்று மக்களிடம் பணம் திரட்டி, 1963இல் திறந்தார்கள். பக்கச்சுவர் கிடையாது, காற்று தாராளமாக வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவும் ஒரு வெள்ளி கொடுத்தார். 1986இல் இடித்துவிட்டார்கள். “என் செங்கல் எங்கே போச்சு?” என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டாம்ஃபர்ட் சாலை நூலகம் 2004இல் போனது. அப்புறம் ஆர்மீனியன் தெருவில் சப்ஸ்டேஷன் என்ற கலை நிலையம், நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கியது. என் மகன் அங்கே கிட்டார் வாசித்தவன். 2021இல் அவர்களும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறினார்கள். அதற்கு நீங்கள் எத்தனை வரி ஒதுக்கினீர்கள் என்று தேடினேன். என் கண்ணில்தான் கோளாறாக இருக்கவேண்டும்.

இதையெல்லாம் எழுதிப் போன வருடமும் ஒரு கடிதம் அனுப்பினேன். இடமில்லாமல் போயிருக்கும். அதே வாரம் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடியதை அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள்.

திருத்தமெல்லாம் கேட்கவில்லை. எஸ்பிளனேட் இலவச நிகழ்ச்சிகளின் நேரத்தை மட்டும், கண்ணாடி போட்டாலும் தெரியாத அந்தப் பொடி எழுத்தில் இல்லாமல், கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், வெள்ளிக்கிழமையே போடுங்கள். திங்கட்கிழமை படித்துவிட்டு, முடிந்துபோன சனிக்கிழமைக் கச்சேரிக்கு எப்படிப் போவது?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தோ பாயோ