சர்க்கரை அளவைக் கணையம் மட்டும் ஆள்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளை மண்டபம், பாம்பன் பகுதிகளில் பலரும் ஆவலுடன் படிக்கிறோம். இனிப்பைக் குறைக்க வேண்டும், கணையத்தில் இன்சுலின் குறைந்தால் நோய் வரும் என்ற அளவில் அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அது பொய்யன்று, ஆனால் இந்தக் கரையில் உழைப்பவர்களுக்கு அது போதவில்லை.

இரத்தத்தில் ஓடும் சர்க்கரை முழுவதும் உணவிலிருந்து வருவதன்று. கல்லீரலே சர்க்கரையை உண்டாக்கி வெளிவிடுகிறது என்பதைப் பிரான்சின் உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். சர்க்கரை கல்லீரலில் சேமித்து வைக்கப்படும் வடிவமான கிளைக்கோஜனை 1857-இல் பிரித்தெடுத்தார். உடலின் உட்சூழல் நிலைகுலையாமல் இருக்க வேண்டும் என்ற அவருடைய கருத்தை வளர்த்து, 1926-இல் ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்டவர் அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனன். இரத்தச் சர்க்கரை அளவு ஏறினால் இன்சுலின் அதைக் குறைக்கும். இறங்கினால், கணையமே சுரக்கும் இன்னொரு ஹார்மோனான குளுக்ககான் கல்லீரலைத் தூண்டி ஏற்றும். இன்சுலின் குறைவு மட்டுமன்றிக் குளுக்ககான் மிகுதியும் நோய்க்குக் காரணம் என்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ரோஜர் அங்கர் 1975-இல் வாதிட்டார். குடலுக்கும் இதில் பங்குண்டு: அதே அளவு குளுக்கோஸை ஊசி வழியாக ஏற்றுவதைவிட வாய்வழியாகக் கொடுக்கும்போதுதான் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, 1988-இல் பீட்டர் ஸ்டெர்லிங்கும் ஜோசப் ஐயரும் (Eyer) முன்வைத்த அலோஸ்டேசிஸ் என்னும் கொள்கை. அளவு தவறிய பின் திருத்துவதோடு உடல் நிற்பதில்லை, வரப்போகும் தேவையை மூளை முன்னறிந்து அளவுகளையே மாற்றியமைக்கிறது என்கிறது அது. விடியலுக்கு முன் கார்டிசால் என்னும் ஹார்மோன் உயர, விழித்தெழுந்து உழைக்க வேண்டிய உடலுக்காகக் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதை இந்தக் கண்ணோட்டத்தில் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களில் சிலருக்கு, இரவில் ஒன்றும் உண்ணாதிருந்தும் காலையில் அளவு கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவெல்லாம் கடலில் வலை இழுத்து, விடிந்த பின் கரையேறிப் பகலில் உறங்கும் மீனவருக்கு இந்த உடற்கடிகாரமே குலைகிறது. உறக்கக் குறைவு இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கிறது. நள்ளிரவில் உண்ணும் அதே சோறு, பகலில் உண்பதைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது. அப்படிப்பட்டவர் படகிலிருந்து இறங்கிய கையோடு பரிசோதனைக்கு வந்து, அளவு கூடியிருக்கக் கண்டால், அவர் ஒளித்து இனிப்புத் தின்றார் என்று வீட்டாரே பழிக்கிறார்கள். அந்தப் பழியைச் சுமப்பவர் அடுத்த முறை பரிசோதனைக்கே வருவதில்லை என்பதுதான் என் கவலை.

ஆகவே, கல்லீரலும் குடலும் மூளையும் உறக்கமும் சேர்ந்து நடத்தும் இந்த ஒழுங்கை விளக்கும் கட்டுரைகளைத் தகுந்த மருத்துவர்களைக் கொண்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். இதைக் காரணங்காட்டி எவரும் மருந்தையோ உணவுக் கட்டுப்பாட்டையோ கைவிடலாகாது என்பதையும் அவற்றில் அழுத்திச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் முகாம் நடத்துவோர், கடைசியாக எப்போது உண்டீர்கள் என்பதோடு, எப்போது உறங்கினீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டால் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.