ஆண்டறிக்கை: இரட்டைத் தொலைநோக்கி முடிந்த ஆண்டு

அன்பான உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மாணவர்களுக்காக இரண்டு வான்நோக்கு இரவுகள் வைத்தோம். ஒன்றை மேகம் கெடுத்தது. நூலகத்துக்கு அலமாரி வந்தது.

மற்ற நேரமெல்லாம், இரு கண்ணாலும் பார்க்க இரு குழாய்களை அருகருகே பொருத்திய 8 அங்குல (முதன்மை ஆடியின் விட்டம்) இரட்டைத் தொலைநோக்கிக்கே போனது. "இத்தனை நாளாக என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இரு குழாய்களின் மையங்களுக்கு இடையே 26 செ.மீ. நம் கண்மணிகளுக்கு இடையே 6 செ.மீ. சொச்சம். ஒவ்வொரு குழாயிலும், முதன்மை ஆடியிலிருந்து வரும் ஒளியைச் சிறிய துணை ஆடி உள்பக்கம் அனுப்ப, மூன்றாவது ஆடி ஒன்று அதைக் கண்ணை நோக்கித் திருப்ப வேண்டும். இந்தக் கூடுதல் தூரத்துக்காக, குவிந்துவரும் ஒளியை அது இன்னும் அகலமாக இருக்கும்போதே திருப்ப வேண்டும். அதற்கு 50 மி.மீ. துணை ஆடி போதவில்லை, 70 மி.மீ. வாங்கினோம். செலவு கூடியது இதனால்தான்.

முதலில் ஐபீஸ்களை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைகளை, குழாய்க்குச் செங்குத்தாக வைத்தோம். வானில் 30 டிகிரி உயரத்தில் இருப்பதைப் பார்க்க 60 டிகிரி கீழ்நோக்கிக் குனிய வேண்டியிருந்தது. கழுத்து வலித்து ஐந்து நிமிஷத்தில் எழுந்து போனவர்களை நான் குறை சொல்லவில்லை. மூன்றாவது ஆடியைச் சுழற்றி ஐபீஸ்களை 20 டிகிரி சாய்த்தேன். குனிவது 40 ஆகக் குறைந்தது. உச்சிவானத்துக்குச் சற்று அண்ணாந்து பார்க்க வேண்டும், பரவாயில்லை.

இரு பிம்பங்களும் இடவலமாகக் கொஞ்சம் விலகினால் கண்ணே சேர்த்துக்கொள்ளும். மேல்கீழாக விலகினால் சேர்க்காது, தலைவலிதான். இதைச் சரிசெய்ய ஐபீஸில் ஒருவர், ஆடியைத் திருப்பும் திருகில் ஒருவர் வேண்டும். ஒன்பது பேர் பெயர் கொடுத்தீர்கள். பதினோரு இரவுகளில் நான்கில்தான் எனக்குத் துணை கிடைத்தது. மீதி இரவுகளில் நானே பார்த்து, நானே எழுந்து திருகி, மறுபடி உட்கார்ந்து பார்த்தேன்.

வேலை முடிந்த பின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தை முக்கால் மணி நேரம் எழாமல் பார்த்தார். ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கியில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்தன. விவரம் பொருளாளரிடம் உண்டு. பாதிப் பேரின் சந்தா இன்னும் பாக்கி. தலைவருக்கும் பொருளாளருக்கும் இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

அப்புறம், குழாய் உயர உயர ஐபீஸும் உயர்கிறது. உயரம் மாற்றக்கூடிய நாற்காலி இல்லாமல் இந்தச் சாய்வால் பாதிப் பயன்தான். பாக்கிச் சந்தா வந்தால் நாற்காலி வாங்கிவிடலாம். வரும் அமாவாசை இரவில் ஆடிகளை மறுபடி சரிபார்க்கிறேன். திருகைப் பிடிக்க ஒருவர் தேவை.

செயலாளர்