வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், நேரில் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் மாவட்டப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குள் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது. பக்கத்து வகுப்புக்கு ஆசிரியர் தாமதமாக வருகிறார். மதிப்பெண் பட்டியல் கைக்கு வரவில்லை. மாணவர் முன்னால் ஒருவர் இன்னொருவரைக் குறை சொல்லிவிடுகிறார். அன்றே இருவரும் பேசினால் தீர்ந்துவிடும். பேசாமல் விட்டால் மூன்றாம் நபர் வழியாகத் திரிந்து போய், கடைசியில் மனுவாகவும் மெமோவாகவும் முடிகிறது.

பேசும் நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நாலே கால் மணிக்குக் குடியாத்தம் பஸ்ஸுக்கோ காட்பாடி ரயிலுக்கோ ஓடுகிறவரை நிறுத்திப் பேசினால் எந்தப் பேச்சும் சண்டையாகத்தான் முடியும். இருவருக்கும் ஓய்வான பாடவேளையில் பதினைந்து நிமிடம் போதும். ஸ்டாஃப் ரூம் வேண்டாம். ஆய்வகமோ நூலகமோ நல்லது. "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும் சார்" என்று மட்டும் காலையில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அவர் நாள் முழுக்கத் தவிப்பார். "மூணாவது பீரியட்ல 9-பி வகுப்பு பத்திப் பேசலாமா?" என்று விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

முதல் வாக்கியத்தை முந்தின நாளே எழுதிப் பார்ப்பது நல்லது. "நீங்க எப்பவுமே லேட்டு" என்றால், சரியாக வந்த ஒரு நாளை அவர் எடுத்துக் காட்டுவார்; அதற்குப் பிறகு வாதம் முழுக்க அந்த ஒரு நாளைப் பற்றித்தான். "திங்கள், புதன் ரெண்டு நாளும் மணி அடிச்சுப் பத்து நிமிஷம் 9-பி-ல யாரும் இல்ல. சத்தத்துல என் பசங்களுக்குப் பாடம் கேக்கல. என்ன ஆச்சு?" என்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாய் திறக்கக் கூடாது, கடினமான இடமே அதுதான். அந்த இடைவெளியில்தான் உண்மைக் காரணம் வெளியே வரும். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரம் பதிய அலுவலகத்தில் பிடித்து வைத்திருப்பார்கள். வீட்டில் நோயாளி இருப்பார். காரணம் தெரிந்த பிறகு ஒரே ஒரு ஏற்பாடு போதும்: "இனிமே ஆபீஸ்ல கூப்பிட்டா லீடர்கிட்ட சொல்லி அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்." இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சரியாகியிருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

பழைய பாக்கிகளை அன்று எடுக்காதீர்கள். வயதில் மூத்தவரிடம் குறையைச் சந்தேகம் கேட்பதுபோல் சுற்றி வளைக்கவும் வேண்டாம். மரியாதை குறையாமல் நேராகச் சொல்லலாம். பேர்ணாம்பட்டுப் பக்கம் உருது பேசுகிறவர்களும் எல்லையோரத்தில் தெலுங்கு பேசுகிறவர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள். தமிழில் அவர்கள் சொல்லும் ஒரு சொல் கடுமையாகக் கேட்டால், கோபப்படுமுன் "இதைத்தான் சொல்றீங்களா?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எதையும் எழுதாதீர்கள்; நீங்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் போய்விடும்.

சில விஷயங்கள் இருவர் பேசித் தீர்ப்பவை அல்ல. குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாலியல் குற்றம் என்ற சந்தேகம் எழுந்தாலே 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கடமை. குழந்தைகள் உதவிக்கான 1098 தொலைபேசி எண்ணும் உண்டு. அந்தச் சந்தேகத்தை முதலில் சம்பந்தப்பட்ட சக ஆசிரியரிடமே போய்க் கேட்பது குழந்தையை மிரட்ட வழி திறந்துவிடும். ஆசிரியைக்குப் பணியிடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம்.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையப் பயிற்சிகளில் பாடம் நடத்தும் முறைக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் அரை மணி நேரத்தை, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து இப்படிப் பேசிப் பழகுவதற்குத் தருமாறு முதன்மைக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பட்டதாரி ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்