கூடு தூக்க ஆளிருக்கு, தும்புத்தடி தூக்கத்தான் ஆளில்லை

எங்கள் பங்கின் அருட்பணிச் சபைக்கும் எல்லா வட்டாரக்காரருக்கும்,

பெயர் போட்டால் "இவர் எந்த வட்டாரம்" என்றுதான் முதலில் பார்ப்பீர்கள், அதனால் போடவில்லை.

போன திருவிழாவில் மாதா சுருவத்தை வைத்துத் தூக்குகிற கூட்டின் முன்தண்டை யார் பிடிப்பது என்று இரண்டு வட்டாரப் பெடியள் தள்ளுப்பட, மாதா கால்மணித்தியாலம் நடுரோட்டில் நின்றா. அடுத்தநாள் விடிய நான் போனபோது முற்றம் முழுக்க ஐஸ்கிரீம் கப்பும் வாடின பூவும். கூட்டிக்கொண்டு நின்றது மூன்று ஆச்சிமார். அதில் ஒருவருக்கு முழங்கால் மடங்காது. குனியாமல், தும்புத்தடியை நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு கப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார். முன்தண்டுக்காரர் ஒருவரையும் காணவில்லை.

பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கடை சனம் திருவிழாவுக்கு முந்தின ஒன்பதுநாள் வழிபாடான நவநாளுக்குக் காசு அனுப்புவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்கு ஊர்ப்பாசம். ஆனால் அந்தக் காசைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டது நாங்கள்தான். முந்தி ஒரு வட்டாரத்துக்கு நவநாள் என்றால் பூக்கட்டுவது, பாட்டுப் பழகுவது, தேத்தண்ணி ஊத்துவது எல்லாம் அந்த வட்டாரம். இப்போது சோடனைக்கும் ஆள் பிடிக்கிறோம், பாட்டுக்கும் பிடிக்கிறோம். வட்டாரத்துக்கு மிச்சம் இருப்பது லவுட்ஸ்பீக்கரில் வாசிக்கிற பெயர் மட்டும், சண்டையும் அதற்குத்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டுப் போனபோது என் அம்மாவின் பெட்டியைத் தூக்கி வந்தவர் எந்த வட்டாரம் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

சண்டை புதிதில்லை, சரி. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்திலேயே, கிரேக்கமொழிக் கைம்பெண்களுக்குப் பந்தியில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. திருத்தூதர்கள் அதை மூடி மறைக்கவும் இல்லை, தாங்களே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் சபையிலோ பத்து வருடமாக அதே முகங்கள், பிறகு "ஒருத்தரும் முன்வாறதில்லை" என்ற புலம்பல். கேட்டால்தானே வருவோம்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கூடு தூக்குகிற முறையைக் கொடியேற்றத்தன்று எல்லாருக்கும் முன்னால் சீட்டுப் போட்டு எடுங்கள். நவநாள் எடுத்த வட்டாரமே அடுத்தநாள் காலை பிள்ளைகளோடு வந்து கூட்டட்டும். வெளிநாட்டுக் காசின் கணக்கை, செலவோடு சேர்த்து, அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடியக் கூட்டம் என்றீர்கள். அரைமணித்தியாலம் முந்தி வந்தால் மாதா கெபியடிச் சருகைக் கூட்டி அள்ளிப்போட்டே இருந்து கதைக்கலாம், இரண்டு தும்புத்தடி நான் கொண்டுவருகிறேன்.