மாதவிடாய் குறைந்தால் எள்ளு போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில், "மாதவிடாய் குறைவாகப் போனால் கெட்ட இரத்தம் உடம்பில் தங்கிவிடும், எள்ளும் பப்பாளியும் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

32ஆவது வயதில் எனக்குக் கரு கலைந்தது. கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அதன்பின் ஐந்து நாள் போனது ஒரு நாளானது. அதுவும் காசளவு கறைதான். பத்து அணையாடை உள்ள பைக்கற் ஒன்று நான்கு மாதத்துக்குக் கிடந்தது. அம்மா விடியவே பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெய் விட்டுத் தந்து, நான் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பார். எள்ளும் உழுந்தங்களியுமாக ஆறு வருடம் ஓடியது. பிறகுதான் ஒரு மருத்துவர், கருப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதைக் கண்டு, கமராக் குழாய் செலுத்தி அந்த ஒட்டுகளை வெட்டிவிட்டார். மாதவிடாய் பழையபடி வந்தது. ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கரு தங்கவேயில்லை. எந்த எள்ளு அந்த ஒட்டைப் பிரித்திருக்கும், ஐயா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியால் கருப்பையின் உட்படலம் மெலிந்துவிடும். போக்குக் குறைவது அதனால்தான். உள்ளே எதுவும் தேங்குவதில்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. உப்புவெளியில் என் அயலில் ஒரு பெண், மருத்துவமாது சொன்னதையும் கேளாமல், 'கெட்ட இரத்த'ப் பயத்தில் ஊசியை நிறுத்தினாள். கைக்குழந்தையோடு மறுபடி கர்ப்பமானாள். தைரொயிட் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, திடீர் மெலிவு, மன உளைச்சல் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. கர்ப்பமாக இருந்தாலும் சிலருக்குச் சிறு கறை படும். அதைக்கூடப் பார்க்கச் சொல்லாமல் பப்பாளியை எப்படிப் பரிந்துரைத்தீர்கள்?

இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்திலும் 'மாதவிடாய்' என்ற சொல்லை வெட்டி, 'அந்த மூன்று நாட்கள்' என்று போட்டீர்கள். மனம் நொந்தும் பேசாதிருந்தேன். திருகோணமலைக் கடைகளில் இன்றும் அணையாடைப் பைக்கற்றை உங்கள் பத்திரிகைத் தாளில்தான் சுற்றித் தருகிறார்கள்.

அதே பக்கத்தில் நான்கு வரி போடுங்கள். எப்போதுமே இரண்டு நாள் மட்டும் போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வழமையாகப் போனது திடீரென்று குறைந்து இரண்டு மூன்று மாதம் நீடித்தால், குறிப்பாகக் கருப்பையைச் சுத்தம் செய்தபின் குறைந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.