ஊசிக்கும் குவார்ட்டருக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் கொழுந்தனாருக்கு வயது 61. சர்க்கரை உண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் குவார்ட்டரும் உண்டு. போன வருடம் புரட்டாசிக் கடைசியில், மழை பிடிப்பதற்குள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிப் பார்த்த மருந்துக்கடைப் பையன், "இது போட்டா ஒரு மாசத்துக்குச் சரக்கு கூடாதுண்ணே" என்றிருக்கிறான். தீபாவளி வருகிறதே! இவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கார்த்திகையில் ஃப்ளூ வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சர்க்கரை நானூறைத் தாண்டியது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவள் நான். நாய்க்கடி ஊசிக்கு வருகிறவர்களிடம், "குடிச்சா மருந்து வேலை செய்யாது" என்று நானும்தான் மிரட்டியிருக்கிறேன். இந்தச் சாக்கிலாவது நாலு நாள் நிறுத்தட்டுமே என்ற நினைப்புதான். ஒரு சுமைதூக்கும் தொழிலாளி கடைசித் தவணைக்கு வரவே இல்லை. ஆள் அனுப்பிக் கேட்டால், "குடிச்சுட்டேன், இனிமே போட்டு என்ன பிரயோஜனம்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. 2021 அக்டோபரில் கொரோனா ஊசி முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்களே, அதுவும் இதே பயத்தால்தான். ஞாயிறு கறியும் குடியுமான நாள், ஊசி போட்டால் இரண்டும் ஆகாது என்று பலர் முகாம் பக்கமே வரவில்லை.

ஃப்ளூ ஊசியில் இருப்பது உயிரில்லாத கிருமி. அதைப் போட்டவர் குடிக்கவே கூடாது என்று தடை எதுவும் இல்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். அன்றைக்கு ஒரு பெக் போட்டதால் ஊசி வீணாகிவிடாது. அதற்காகக் குடியுங்கள் என்று சொல்லவில்லை. ஊசி போட்டபின் ஒன்றிரண்டு நாள் கை வலிக்கும், லேசாகக் காய்ச்சலடிக்கும், உடம்பு வலிக்கும். அதன்மேல் மூக்குமுட்டக் குடித்தால், மறுநாள் தலைவலி ஊசியாலா குடியாலா என்று டாக்டருக்கே தெரியாது. நிறையக் குடிப்பவர் வலிக்கு பாராசிட்டமாலைக் கேட்காமல் விழுங்கினால் ஈரலுக்கும் கேடு. ஓரிரு நாள் பொறுத்தால் நல்லது, அவ்வளவே.

நாள்தவறாமல் குடிப்பவருக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே குறைவு. ஈரல் கெட்டவருக்கும் சர்க்கரைக்காரருக்கும் இந்த ஊசி மற்றவர்களைவிட அவசியம். அவர்களையே வாசலோடு திருப்பி அனுப்புகிறோம். ஊசி போடும் இடங்களில், "குடிப்பழக்கம் உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். குடியை நிறுத்தச் சொல்ல வேறொரு நாள் உட்கார்ந்து பேசலாம்.

கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியை வருடாவருடம் போட வேண்டும். இந்தமுறை நானே கூடப் போய் உட்கார்ந்து கொழுந்தனாருக்குப் போட்டு அழைத்து வந்தேன். அன்று சாயந்திரம் எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தேனி மாவட்டம்.