‘வாங்க’ என்றாலே போதும், பாப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஹோட்டலுக்கு வருகிறவர்களை எடுத்த எடுப்பிலேயே சார், மேடம் என்று கூப்பிட வேண்டாம் எனச் சொல்லிவிட்டார்கள், வாய் பழக மாட்டேன் என்கிறது என்று நேற்று போனில் சொன்னாய். எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. போனில் சொல்ல வரவில்லை.

மதுரையில் ஜவுளிக்கடையில் நின்ற காலம். சித்திரைத் திருவிழாக் கூட்டம். குனிந்து சுங்குடிச் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பச்சை உடம்பு, அரக்கு பார்டர். ஒரு கை அந்த பார்டரைத் தடவியது. “என்ன விலை?” என்று கனத்த குரல். நிமிராமலே, “எண்ணூத்தம்பது சார், வீட்டுக்கு எடுக்கிறீங்களா?” என்றேன். நிமிர்ந்தால் ஒரு திருநங்கை, தலை நிறைய மல்லிகை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சேலையை என்னைவிட நேர்த்தியாக மடித்து, பார்டர் வெளியே தெரியும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த இடத்தில் ‘சார்’ எதற்கு? “எண்ணூத்தம்பதுங்க” என்றிருந்தாலே மரியாதைதானே. வாங்க, உட்காருங்க, சொல்லுங்க என்பதில் எல்லாம் ஆண், பெண் எங்கே இருக்கிறது? ரயில் நிலையத்தில் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்கிறார்கள். அதில் யாரும் விடுபடவில்லை. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2020 அக்டோபரில் ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்’ என்பதைக் கைவிட்டபோது, ஆங்கில அறிவிப்பைத்தான் மாற்றினார்கள். ஜப்பானிய மொழியில் சொல்வது முதலிலிருந்தே எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. நம் தமிழிலும் அந்த வசதி இருக்கிறது பாப்பா, நாம்தான் சாரையும் மேடத்தையும் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டோம்.

சில பெரியவர்களுக்கு ‘சார்’ போடாவிட்டால் மனசு ஆறாது. அவர்களை அப்படியே கூப்பிடு, தப்பில்லை.

ஆனால் அறை பதியும்போது கவனமாக இரு. அடையாள அட்டையில் இருக்கும் பெயர் ஒரு மாதிரி இருக்கும், எதிரே நிற்பவர் வேறு மாதிரி இருப்பார். அந்தப் பெயரை எல்லோர் காதிலும் விழ வாசிக்காதே. “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்ங்க?” என்று மெதுவாகக் கேள். தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. அவர் ‘மேடம்’ என்று கூப்பிடச் சொன்னால் மேடம்தான். அதன் பிறகும் பொதுவாக ‘வாங்க, போங்க’ என்று நழுவாதே. அவர் வாய்விட்டுக் கேட்ட சொல் அது.

அப்புறம், பழகும் வரை வாய் தவறத்தான் செய்யும். தவறினால், அவர் அங்கே நிற்கும்போதே “மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிவிடு. அன்றைக்கு அவர் கடைவாசல் தாண்டும் வரை நேரம் இருந்தது, நான் சொல்லவில்லை.

அம்மா இட்லிப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா